தலைவலி என்று அவள் சொல்லவில்லை

உங்கள் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியப் பழக்கம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹாக்கிப் பயிற்சியாளர் டேல் ஃபேர் மாணவி ஒருத்தியின் படிவத்தில் கையெழுத்துக்காக என்னை வற்புறுத்தினாரா என்று பள்ளி வாரியத்தின் சார்பில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு நான் வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக ஊரே அந்த மனிதனைக் கரித்துக்கொட்டுகிறது. வீட்டுக் கதவில் முட்டை அடிக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் அவன் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. டேல் ஃபேருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ஒரு காரியத்தைத் திட்டமிட்டுச் செய்ய அந்த மண்டையில் இடமே இல்லை. தான் செய்யாத ஒன்றுக்கு அவன் பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத்தில், இந்தக் கோதுமை ஊரில், மேல்நிலைப் பள்ளியில், லோர்ன் ஹாஸ்கெட் ஆகிய நான் வரலாறு சொல்லித் தருகிறேன். யாராவது கற்றுக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். இங்கே பிள்ளைகளுக்கு நடை பழகும் முன்பே சறுக்குக் காலணியை மாட்டிவிடுகிறார்கள். பள்ளி நூலகத்தின் கூரை நான்கு குளிர்காலமாக ஒழுகுகிறது. பனி ஹாக்கி அரங்கத்துக்குப் போன வருடம் புது ஒலிபெருக்கி வந்தது. மட்டையால் ரப்பர் வட்டை வலைக்குள் தள்ளத் தெரிந்த பிள்ளையை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுத வருமா என்று யாரும் பார்ப்பதில்லை.

மார்னி கோஸ்டியுக்குக்கு எழுத வந்தது. அதுதான் என் சிக்கல்.

பதினேழு வயது. மூன்று ஆண்டுகளாக என் வகுப்பில் இருந்தாள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகும் நான் இன்னொரு முறை எடுத்துப் படித்த கட்டுரைகள் அவளுடையவை மட்டும்தான். நவம்பரில் அவளைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தில் வரலாறு எடு, பரிந்துரைக் கடிதம் நான் எழுதுகிறேன் என்றேன். கடிதத்தை ஏற்கெனவே எழுதியும் வைத்திருந்தேன், இரண்டு பக்கம்.

"சார், வரலாறு எங்கேயும் ஓடிப் போகாது. நான் கிழவியானப்புறம்கூடப் படிச்சுக்கலாம். ஹாக்கி அப்படியா, சொல்லுங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அந்த எரிச்சல் பிப்ரவரி வரை தணியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஆட்டத்தில் அவள் பின்மண்டை பனியில் மோதியது. மூளை அதிர்ச்சி என்றார்கள். அதற்கு மாகாணம் ஒரு கையேடு வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் எல்லா ஆசிரியர்களும் படித்துவிட்டதாகக் கையெழுத்திடுகிறோம். உண்மையிலேயே படித்தவன் நான் ஒருவன்தான். முதலில் ஓய்வு. பிறகு அரை நாள் பள்ளி, மங்கிய வெளிச்சம், தேர்வு கிடையாது. பிறகு முழு நாள். முழுப் பாடச்சுமையையும் தலைவலி, தலைசுற்றல் இல்லாமல் தாங்கிய பிறகே ஆட்டத்தின் பக்கம் படிப்படியாகப் போகலாம். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கிவிடும் என்று பதினான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பக்க எண் எனக்கு நினைவிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்தில் முழு நாள் வந்தாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மாத இறுதியில் மாகாணப் போட்டி. கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். டேல் ஃபேர், அவள் ஆட்டத்துக்குத் திரும்ப ஆசிரியர் கையெழுத்திட வேண்டிய படிவத்தையும் காகிதக் குவளையில் காப்பியையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"சார், ஒரு கையெழுத்துதானே கேட்கிறேன்? என்னமோ உங்க கிட்னியைக் கேட்ட மாதிரி முறைக்கிறீங்களே."

"தேர்வு எழுதட்டும், பார்க்கலாம்."

"அதுவும் சரிதான். நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?"

இதுதான் அவனுடைய வற்புறுத்தல் மொத்தமும். காப்பியில் சர்க்கரை அதிகம்.

அவள் அப்பா வெஸ் கோஸ்டியுக் மளிகைக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். டிராக்டர் விற்பவர். "நான் விளையாடறப்போ மண்டையில எத்தனை அடி வாங்கியிருப்பேன்! ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி இறங்கிடுவோம் சார். எனக்கு என்ன ஆச்சு, பாருங்க?" பார்த்தேன். மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர்வு. இந்தச் சமவெளிக்கு ரயில் வந்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கேள்வி. மார்னி ஒன்றரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். மற்றவர்கள் போன பிறகும் மேசையருகே நின்றாள்.

"சார், நான் ஒழுங்கா எழுதியிருக்கேனா?"

"ஏன், சந்தேகமா?"

"எழுதினதே ஞாபகம் இல்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரித்தாள். "சும்மா சொன்னேன் சார். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கோச்கிட்டயும்."

நான் சொல்லவில்லை. மாணவர்கள் நம்பிச் சொல்வதை வெளியே விடுவது எனக்குப் பழக்கமில்லை.

விடைத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் பத்தி அவளுடையதுதான். நீங்கள் பொறுமையாகப் படித்தால் அதன் அழகு புரியும். இரண்டாம் பக்கத்தில் அதே பத்தி, சொல் மாறாமல் மறுபடி வருகிறது. மூன்றாம் பக்கத்தில் இன்னொரு தரம். அங்கே வரிகள் சரிந்து ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றன. கடைசிச் சொற்கள் காகிதத்தில் இல்லை, மேசையில் இருந்தன. நானே துடைத்தேன். ஓரத்தில் 'கூறியது கூறல்' என்று எழுதி, நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டேன். அதற்கு ஒரு மதிப்பெண் கூடவும் தகுதியில்லை, குறையவும் இல்லை.

பிறகு படிவத்தை எடுத்தேன். அதில் மூன்று கேள்விகள். முழு நாள் வகுப்பில் இருந்தாளா? இருந்தாள். எழுத்துத் தேர்வை முடித்தாளா? முடித்தாள். தலைவலி, தலைசுற்றல் என்று முறையிட்டாளா? இல்லை. நினைவில்லை என்றுதான் சொன்னாள்; அதற்குக் கட்டம் இல்லை. மூன்றுக்கும் உண்மையான பதிலைக் குறித்துக் கையெழுத்திட்டேன். வியாழக்கிழமை மட்டும் ஊருக்கு வரும் மருத்துவர், ஆளுக்கு எட்டு நிமிடம் பார்ப்பவர், அந்தக் கையெழுத்தைப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போட்டார். படித்தவர்கள் ஒருவரையொருவர் நம்புவது வழக்கம்தானே.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் கை எழுதியது போலத்தான் காலும் ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஆள் எடுப்பவர்கள் கண் முன்னால் தடுமாறுவாள். நோட்டைப் புரட்டி அவள் பெயரை அடிப்பார்கள். இரண்டு நாள் அழுவாள். பிறகு திங்கட்கிழமை என் வகுப்புக்கு வருவாள், இனி போக வேறு இடமில்லாதவளாக. பரிந்துரைக் கடிதம் என் இழுப்பறையில் தயாராக இருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மாகாணப் போட்டி அன்றுதான் ஹாக்கி பார்க்கப் போனேன். அரங்கம் முழுக்க எண்ணெய்ப் பலகாரத்தின் வாடையும் தகப்பன்மார்களின் கூச்சலும். அணியின் பெஞ்சுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஒருவர், "அட, ஹாஸ்கெட் சாரா! வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார்.

ஆட்டத்தின் முதல் கட்டத்தில் மார்னி தன் மட்டைக்கு வந்த வட்டை இரண்டு தடவை விட்டாள். ஒரு தடவை எதிரணிப் பெண்ணுக்கே தள்ளினாள். என் கணக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள், தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். டேல் ஃபேர் குனிந்து, "என்னம்மா, முடியுமா?" என்றான். அவள் கட்டை விரலை உயர்த்தினாள். அவன் நம்பினான். நம்புவதைத் தவிர அவனுக்கு வேறென்ன தெரியும்?

அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வலி தெரிந்த முகம். என்னிடம் ஒரு கேள்வி இருப்பது போல வாயைத் திறந்தாள். அவளுடைய விடைத்தாள் மடித்தபடி என் கோட்டுப் பையில் இருந்தது. எழுந்து பத்தடி நடந்து அதை டேல் ஃபேரின் கையில் கொடுத்திருந்தால், அந்த மடையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். இடைவேளை பதினைந்து நிமிடம். நான் சூடாக ஒரு கோகோ வாங்கிக் குடித்தேன்.

பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிக்கக் கூடாது. யாரும் இடிக்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரே வட்டுக்கு விரைந்தபோது ஒருத்தியின் தோள் மார்னியின் தாடையில் பட்டது, அவ்வளவுதான். பேருந்தில் அதைவிட மோசமாகப் படும். அவள் எழுந்தாள். எதிரணியின் பெஞ்சை நோக்கிப் போய், அங்கே உட்கார இடம் தேடினாள். சிலர் சிரித்தார்கள். அப்புறம் விழுந்தாள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: டேல் ஃபேருக்குத் தெரியாது. மருத்துவருக்குத் தெரியாது. அவளுடைய அப்பா தெரிந்துகொள்ளக் கூடியவரே அல்ல. தெரிந்திருந்தவன் நான். பதினான்காம் பக்கம் தெரிந்தே கையெழுத்திட்டேன். முகத்தைப் பார்த்தும் எழாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எந்த வழக்கறிஞர் முன்னிலையிலும் சொல்வேன்.

மார்னி இப்போது நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். பேச்சு இல்லை. வலது கை விரல்கள் கொஞ்சம் அசைகின்றன. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய் அவளுக்கு வரலாறு வாசித்துக் காட்டுகிறேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்ல எல்லாரும் வர்றதை நிறுத்திட்டாங்க சார், நீங்க ஒருத்தர்தான்" என்று அழுகிறாள். என் குரல் கேட்டதும் மார்னி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்றாள் செவிலி. திரையை இழுத்துவிட்டோம், அப்படியும் திரும்பிக்கொள்கிறாள். முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இப்போது அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. நன்றாகக் கவனிக்கிறாள்.