ஒன்பதாவது கேள்வி

கரண்ட் கம்பெனி மாத்தறதெல்லாம் மாத்திக்கலாம் தம்பி, முதல்ல செருப்பை உள்ள விடுங்க. வெளிய கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும், அப்புறம் என்னைத்தான் கேப்பீங்க. உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலி கால் ஆடும்.

உங்களுக்கு முன்னாடி வந்த கரண்ட் கம்பெனிக்காரரும் இப்படித்தான் பேப்பரை விரிச்சார். சந்தையில கரண்ட் விலை அரை மணிக்கொரு தடவை மாறுதாம். விலை எகிறுற நேரத்துல எங்க மீட்டரை அவங்களே அங்கேருந்து அணைச்சுக்குவாங்களாம். அதுக்கு ஒத்துக்கிட்டா மத்த நேரமெல்லாம் பாதி விலை. உங்களதும் அதே திட்டந்தானா? சரிதான்.

அப்ப ஒன்பதாவது கேள்வி இருக்குமே. மூச்சு மெஷின் மாதிரி வீட்ல ஏதாச்சும் ஓடுதான்னு. ஓடுனா அணைக்கக் கூடாது, கரண்ட் ஆணையத்தோட சட்டம். ஆமா, இப்ப அதை வாயால கேட்டு, பதிலை போன்ல பதிவும் பண்ணணும். அந்த விதி வந்ததே எங்க வீட்டாலதான், தெரியாதா? பதிவை இன்னும் ஆன் பண்ணலயே? பண்ணாதீங்க.

எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா உள்ரூம்ல மெஷின்லதான் கெடந்தார். மெஷின் மூச்சுக்குத்தான், வாய்க்கு இல்ல. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவளே, மாத்திரை அட்டையை நேராப் புடிச்சுப் படிடின்னு வர்றவங்க முன்னாடியெல்லாம் சொல்வார். அவங்க சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

அந்தக் கம்பெனிக்காரர் கேட்டப்ப உள்ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. இல்லைன்னேன். டிக் அடிச்சுக்கிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறரைக்கு மெசேஜ் வந்துச்சு, ஏழுலேருந்து முக்கா மணி நேரம் நிறுத்தறோம்னு. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், ஆனா முழுசாப் படிச்சேன். படிச்சிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஒவ்வொண்ணா மடிச்சேன், தலையணை உறைகூட. கீழ வந்தப்ப வாயும் ஓஞ்சிருந்துச்சு.

ஆணையத்து விசாரணையில, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, அந்தக் கம்பெனிக்காரர் என்னை எதுவும் கேக்கவே இல்லைங்கன்னேன். ஒருத்தரும் சந்தேகப்படல. அவருக்கு வேலை போச்சு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்களாம், பாவம்.

என்ன தம்பி, பேனாவைக் கீழ போட்டுட்டீங்க? போய்ச் சொல்லுங்களேன். நான் மெசேஜ் படிச்சேன்னா யாரு நம்புவா? அது கெடக்கட்டும், மாசத்துக்கு எத்தனை வீடு புடிக்கணும் உங்களுக்கு? அம்புட்டா! இன்னும் மூணுதான் ஆச்சா? அப்ப எந்திரிக்காதீங்க, உக்காருங்க.

ம், இப்ப ஆன் பண்ணுங்க. சத்தமாக் கேளுங்க.

இல்லைங்க. எங்க வீட்ல மெஷின் எதுவும் ஓடல.

அணைச்சுட்டீங்களா? குரல் தெளிவா விழுந்துச்சான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க தம்பி. போன தடவை பதிவு இல்லாமதான் அந்த மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டம்.