நேராகப் போன பதினோரு நிமிடம்

வெள்ளெழுத்து வந்துவிட்டதை யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பத்திரிகையின் எழுத்தைக் குறை சொல்வார்கள், பிறகு வீட்டு விளக்கை. தங்கள் கண்ணுக்கு வந்து சேர ஆறு மாதம் ஆகும். எனக்கு நாற்பத்து நாலு வயதில் வந்தது. கைக்கு அருகில் இருப்பது கலங்கும், தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும். போன வாரம் இதே ஸ்டேஷனில் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததில், ‘எனக்குக் கண் சரியாகத் தெரியாது’ என்று பொதுவாகப் போட்டிருந்தேன். அதைத் திருத்த வேண்டும் என்றுதான் இன்று நானாகவே வந்தேன், சார்.

இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே முப்பது வருடம் பேசிப் பழகியவர். அதனால் வெளியிலும் மறுபேச்சு அவர் காதில் விழாது. எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம் இது, அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் எனக்கு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். கடலுக்கு அழைத்துப்போனவரும் அவர்தான்.

அவருடைய பழைய பாய்மரப் படகில் பத்தொன்பது வருடம் போனோம். சுக்கான் அவரிடம், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு என்னிடம். படகு சாயும்போது பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டி, எதிர்ப்பக்கம் வெளியே தொங்கிச் சமன் செய்வதும் என் வேலை. ஒருநாள்கூட என்னிடம் சுக்கானைக் கொடுத்ததில்லை. நானும் வாய்விட்டுக் கேட்டதில்லை, புதுப் படகு வாங்கும் பேச்சு வரும்வரை.

கேட்டமரன் என்பார்கள். ஒல்லியான இரண்டு படகு உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலை, உயரமான ஒரு பாய். கடற்கரை மணலிலிருந்தே தள்ளி இறக்கிவிடலாம். காற்றுப் பிடித்தால் ஒரு உடல் தண்ணீரை விட்டே எழுந்துவிடும். அதன் படத்தை மச்சான் தன் கிளினிக்கில், நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலிக்கு மேலே கூரையில் ஒட்டியிருந்தார். ஒருநாள் என்னையே அதில் படுக்க வைத்து, பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். “பாதி நான், பாதி நீங்க. சுக்கானும் ஆளுக்குப் பாதி நேரம், மாப்ளே.” வாயில் பஞ்சோடு தலையை ஆட்டினேன். கடையை விரிவாக்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ஒரு மாதம் நான் தூக்கத்தில்கூட ஓட்டிக்கொண்டிருந்தேன்.

படகுக் கடையில் ரப்பர் வாசனை அடித்தது. வெள்ளை உடலைத் தடவிப் பார்த்தேன், தட்டின் அடிப்பக்கம் போல வழுவழுவென்று இருந்தது. விற்பனையாளர் ஒரு படிவத்தை எடுத்தார். “சார், ஓட்டப்போறது யாரு?” இருவரும் ஒரே நேரத்தில் “நான்தான்” என்றோம். மச்சான் என் முதுகில் தட்டி, “இவரு தொங்குறதுல கில்லாடி” என்றார். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே அவர் பெயரை ஓட்டுநர் என்ற இடத்திலும் என் பெயரைத் துணை என்ற இடத்திலும் எழுதினார். நானும் சிரித்தேன்.

அந்த விற்பனையாளர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று எனக்கு மனப்பாடம். “ஒருத்தர் விழுந்துட்டா, பத்து எண்ணுறதுக்குள்ள படகத் திருப்பிடுங்க. அதுக்கு மேல போனா அலைக்குள்ள தலை தெரியாது.” மச்சான் ஏற்கெனவே பாய்மரத்தின் அடியில் இருந்த சின்னத் திரையை நோண்டிக்கொண்டிருந்தார். வேகத்தையும் போன பாதையையும் அது பதிவு செய்யுமாம்.

பிறகு ஏழு வாரம். முதல் வாரம், “புதுசு மாப்ளே, கை பழகட்டும்.” அடுத்த வாரம், “காத்து அதிகம், அப்புறம் பார்ப்போம்.” அதற்கும் அடுத்த வாரம், “காத்தே இல்ல, இதுல நீங்க என்னத்த ஓட்டுவீங்க?” நான் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பேன். தண்ணீர் முகத்தில் அடிப்பதால் இருவருமே கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டுத்தான் வருவோம். அவருக்குக் கிட்டத்தில் நன்றாகத் தெரியும். திரையைப் பார்த்து பதினாறு, பதினெட்டு என்று கத்துவார். எனக்கு அந்த எண்கள் சாம்பல் கறைதான். என் பாதிப் படகு எவ்வளவு வேகம் போகிறது என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்று மதியம் நல்ல காற்று. அவருக்கும் தொங்கிப் பார்க்க ஆசை வந்தது. சுக்கானின் நீளப் பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என் கொக்கியை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே சாய்ந்தார். கயிற்றோடு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கொக்கி சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது. அவர் விழுந்தது விபத்துதான். அதில் என் கை இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

படகு நிற்கவே இல்லை, இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று எழுதியிருந்தேன். நீங்கள் அந்தத் திரையின் பதிவைத் தாளில் எடுத்துக் காட்டினீர்கள். நேர்கோட்டில் ஓரிடத்தில் சின்ன முடிச்சு. அது என்ன என்று கேட்டீர்கள், அலை என்றேன். அது அலை இல்லை, சார். ஆள் விழுந்ததும் படகு தானாகவே காற்றுக்கு எதிரே திரும்பி, பாய் படபடக்க நின்றுவிட்டது. அந்த விற்பனையாளர்கூட இதைச் சொல்லவில்லை. வளர்த்த நாய் போல அது அவருக்காகக் காத்து நின்றது.

சுக்கானின் பிடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன்.

அவர் நாற்பது அடி தள்ளி இருந்தார். மஞ்சள் மிதவைச் சட்டை. நன்றாகத் தெரிந்தார், தூரம்தானே எனக்குத் தெரியும். நான் எண்ண ஆரம்பித்தேன், அவசரமில்லாமல். நாலு வந்தபோது கையைத் தூக்கினார். ஆறு வந்தபோது, “மாப்ளே, கயித்த இழுக்காதீங்க, அப்படியே திருப்புங்க” என்றார். சொன்னது சரியான யோசனைதான். முகத்தில் பயமே இல்லை. நான் வருவேன் என்று நிச்சயமாகத் தெரிந்த முகம். இப்போது எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அந்த முகம்தான். பத்து வந்தது. கயிற்றை இழுத்தேன், பாய் காற்றைப் பிடித்தது.

ஒரே ஒரு ஓட்டம், பிறகு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் எனக்கு ஏழு வாரம் பாக்கி வைத்திருந்தார், நான் எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம். படகின் ஒரு உடல் தண்ணீரை விட்டு எழுந்தது. சுக்கான் என் உள்ளங்கையில் துடித்தது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன், முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வரக் காற்று எதிரில். அரை மணிக்கு மேல் ஆயிற்று. பெயர் சொல்லி, முறை சொல்லி எல்லாம் கூப்பிட்டேன். என் கண்ணுக்குத் தெரியாத தூரமே இல்லை, ஆனால் எங்கேயும் மஞ்சள் இல்லை. மூன்றாம் நாள் மீன்பிடிப் படகு ஒன்று அவரைக் கொண்டுவந்தது.

என் மனைவி தினமும் கேட்கிறாள். “அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?” காற்றில் கேட்கவில்லை என்கிறேன். காரில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் அருகருகே இருந்தன. அவருடையதும் நான் போட்டுக் கொடுத்ததுதான். அதைத் துடைத்து அவளிடம் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. அந்த மனிதர் இல்லாமல் எனக்கும் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது பொய் இல்லை.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். நான் திரும்பாததற்கு வேகம்தான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வேகத்தில் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. ஆனால் அன்று எண்ணைப் படித்துச் சொல்ல அவர் இல்லை. உங்கள் தாளில் இருக்கும், சார். பதினெட்டைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.