தாயின் தட்டில் பிடித்த மிச்சம்

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் வீரசாமி அவர்களே! கூரையும் இல்லாமல் குடிசையும் இல்லாமல் கோயில் மரத்தடியில் பிறந்த இந்தச் சபையைக் கட்டி வளர்த்த குட்லண்ட்ஸ் ஊர்ப் பெரியோர்களே! கரும்புத் தோகை கீறிய கைகளோடு கூடியிருக்கும் காணிக்காரச் சகோதரர்களே! எல்லோரையும் விட முதலில் அழைக்கப்பட வேண்டியவர்களாகிய என் தாய்மார்களே!

தாய்மார்களே என்று அழைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பந்தலுக்குள் ஒரு தாயைக் காணோம். எங்கே இருக்கிறார்கள்? அதோ, வெளியே வெயிலில் நிற்கிறார்கள். இடுப்பிலே ஒரு பிள்ளை, கையிலே ஒரு பிள்ளை. பந்தல் துணியிலும் நாம் சிக்கனம் பிடித்துவிட்டோம் போலிருக்கிறது! அம்மா, உள்ளே வாருங்கள். தம்பிமாரே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நீங்கள் நகரும்வரை நான் பேசப்போவதில்லை.

நன்றி. இப்போது பேசுகிறேன்.

போர்ட் லூயி நகரத்து டிராங்கெபார் பேட்டையில் குடியிருக்கும் கோவிந்தம்மா நான். இந்த ஊர் ஐயாசாமியின் அக்காள். என் தகப்பனார் கோயில் பள்ளியில் பாடம் சொன்னவர். அவர் புண்ணியத்தில் நாலு எழுத்துத் தமிழ் என் நாக்கில் தங்கியிருக்கிறது. அதனால்தான் சபைச் செயலாளர் என்னை இங்கே அழைத்தார். அழைத்து ஒரு வேலையும் கொடுத்தார். என்ன வேலை? சற்று முன்பு அவர் படித்தாரே ஒரு தீர்மானம், அதை நான் வழிமொழிய வேண்டுமாம்.

தீர்மானம் என்ன சொல்கிறது? "சர்க்கரை விலை சரிந்துவிட்ட இக்காலத்தில் நம் குலப் பெண்மணிகள் அடுப்படிச் செலவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்." கேட்டீர்களா? கைதட்டினீர்களே! நான் பார்த்தேன். பலமாகத் தட்டினீர்கள்.

ஐயா, என் நெஞ்சு எரிகிறது. எரிகிற நெஞ்சோடு இதை வழிமொழிய நான் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வந்திருக்கிறேன். சொல்லி முடித்த பிறகு கைதட்ட முடிந்தால் தட்டுங்கள்.

அவள் பெயர் பூங்காவனம். என் தம்பி ஐயாசாமியின் மனைவி. என்ன அங்கே முணுமுணுப்பு? சொந்தத் தம்பியைச் சபையில் இழுக்கிறாளே என்றா? பாருங்கள், அவன் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். காலையில் என்னிடம் வந்து, "நீ சொல்லுக்கா. நான் எந்திரிச்சுப் போகமாட்டேன்" என்று சொன்னவன் அவன். அவன் உட்கார்ந்து கேட்கும்போது உங்களுக்கு என்ன?

என் தம்பிக்கு நிலம் உண்டு. உங்களில் பலருக்கு இருப்பது போல இரண்டு மூன்று அர்ப்பான் அளவு கரும்பு நிலம். வருஷம் முழுவதும் வேர்வை. வருஷத்துக்கு ஒரே ஒரு முறை வரவு. வெட்டு முடிந்து ஆலை பணம் தந்தால், அடுத்த வெட்டு வரைக்கும் அதுதான் அரிசி, அதுதான் எண்ணெய், அதுதான் துணி, அதுதான் மருந்து. இந்த வாழ்க்கையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை அவன் எப்படிப் பங்கு போட்டான்? உரத்துக்கும் கூலிக்கும் ஒரு பங்கு, அது நியாயம். அதன் பிறகு? கோயில் திருவிழாவில் தன் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பங்கு. சனிக்கிழமை தோறும் ரம் போத்தலைச் சுற்றி உட்காரும் சிநேகிதர் கூட்டத்துக்கு ஒரு பங்கு. நாலு பேர் மெச்ச ஒரு புதுக் கோட்டு. மூத்த மகளின் நிச்சயத்துக்கு ஊரே வாய்பிளக்க ஒரு விருந்து. இத்தனைக்கும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை மனைவியிடம் நீட்டி, "இந்தா, வருஷத்துக்கு இதுதான். பாத்து ஓட்டு" என்றான்.

சிரிக்கிறீர்களா? சிரிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஆம், சிரிப்பு நின்றுவிட்டது.

பூங்காவனம் ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் தெரியுமா? அரிசியோடு மரவள்ளிக் கிழங்கைச் சேர்த்து வேகவைத்தாள். வேலியோரத்துச் சூசூக் கொடியில் காயைப் பறித்துக் கறி வைத்தாள். மறுநாள் அதே கொடியின் இலையைக் கிள்ளிக் கீரை கடைந்தாள். ஒரு கருவாட்டுத் துண்டில் முதல் நாள் குழம்பு, மறுநாள் வாசனை. மாவு மூட்டையைப் பிரித்துத் துவைத்துப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தாள். காய்ந்த கரும்புத் தோகைதான் அவள் அடுப்புக்கு விறகு. இதற்கு மேலும் சிக்கனம் என்று ஒன்று உலகத்தில் உண்டா? செயலாளர் ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். இதில் பாதியைக் குறைக்கச் சொல்கிறீர்களே, எதைக் குறைப்பாள்? கீரையையா? கொடியையா? நெருப்பையா?

மாசி பிறந்தபோது அரிசி மூட்டை தளர்ந்தது. பங்குனியில் அது மடிந்து விழுந்தது. அப்போது பூங்காவனம் மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். குறைப்பதற்கு வீட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது அவள் தட்டு. அதைக் குறைத்தாள்.

வைகாசியில் நிச்சய விருந்து. நான் டிராங்கெபாரிலிருந்து முதல் நாளே வந்து சேர்ந்தேன். பூங்காவனத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கிறாள். "என்னடி இது?" என்றேன். "மசக்கை அண்ணி, ஒண்ணும் எறங்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். ஆறாம் மாசத்தில் மசக்கையா என்று நான் கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டாள்.

மறுநாள் வாசலில் வாழையிலை விரித்தார்கள். ஏழு கறி! இந்தத் தீவில் தமிழன் மானத்தை அளக்கும் அளவுகோல் அல்லவா அந்த ஏழு கறி? ஆறு போட்டால் அவமானம், ஐந்து போட்டால் ஊரை விட்டே ஓட வேண்டும்! மாப்பிள்ளையின் பெரியப்பா தலைவாழை இலையின் முன் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தக் காலத்துல ஏழு கறி போடறது லேசா? ஐயாசாமி சிக்கனமா இருந்து சேத்தவன்யா! குடும்பம் நடத்தத் தெரிஞ்சவன்!"

அவருக்கு அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் பூங்காவனம்.

அந்தப் பாராட்டு அவர் வாயில் முடியக்கூட இல்லை. ரசப் பாத்திரம் கவிழ்ந்தது. அவள் இலைகளின் மேலேயே சரிந்தாள். "ஐயோ, இலையில விழுந்துட்டாளே!" என்று ஒருவர் கத்தினார். அப்போதும் அவருக்கு இலைதான் கண்ணில் பட்டது!

அடுத்த வீட்டு போலெட் வேலி தாண்டி ஓடி வந்தாள். பிரசவம் பார்க்கும் கிரியோல் பெண் அவள். இந்தத் தெருவில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த கை அவளுடையது. பூங்காவனத்தை உள்ளே தூக்கிச் சென்று கிடத்தி, கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "லி பா ஃபின் மான்ஸே, சா ஃபாம் லா! இந்தப் பொம்பள சாப்பிடவே இல்ல! நேத்து இன்னிக்கு இல்ல, எத்தனையோ நாளா சாப்பிடல!"

வாசலில் ஏழு கறி. உள்ளே பட்டினி. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில்!

அப்போதுதான் நிச்சயப் புடவையில் நின்ற பெண் வாய்விட்டு அழுதாள். "அத்தை, அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுட்டு அடுப்படியில போய்ச் சாப்பிடுவா. சட்டியச் சொரண்டற சத்தம் கேக்கும். சாப்பிடறான்னுதான் நெனச்சோம்." வெறும் சட்டி ஐயா! வெறும் சட்டியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, தான் சாப்பிடுவதாகப் பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறாள் அந்தப் பாவி மகள்!

அன்று பொழுது சாய்வதற்குள் குறைப்பிரசவம் ஆயிற்று. ஆண் பிள்ளை. அழவில்லை. பெயர் வைக்கப்படாமலே மண்ணுக்குள் போனான். பூங்காவனம் பிழைத்தது போலெட்டின் கைராசி. நம்முடைய தயவு அல்ல.

சிக்கனம் சிக்கனம் என்று மேடையேறி முழங்குகிறீர்களே, அந்த வருஷம் என் தம்பி வீட்டில் மிச்சம் பிடித்தது எது தெரியுமா? ஒரு பிள்ளையின் உயிர். அதை மிச்சம் பிடித்துத்தான் ஏழாவது கறி வைத்தோம்!

அவள் கண் திறந்து பேசத் தொடங்கிய அன்று தம்பி படுக்கையின் காலடியில் உட்கார்ந்தான். "ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்றான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "சொன்னேனே. மாசியிலேயே அரிசி பத்தாதுன்னு சொன்னேன். 'நல்ல பொம்பளைன்னா இருக்கறத வெச்சு ஓட்டுவா'ன்னு சொன்னீங்க. ஓட்டினேன்."

சபையோரே, நானும் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் போல ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. "ஓட்டினேன்." என் தம்பி எழுந்து வெளியே போய், கரும்புக்குள் நுழைந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதான். நான் போய்த் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீக்காளியைப் பார்த்துக்கொள்ளத் தங்கியவள், இன்னும் நான் டிராங்கெபார் திரும்பவில்லை. அதனால் பிறகு நடந்ததையும் கண்ணால் பார்த்தேன். கல்யாணம் சந்நிதியில் எளிமையாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. வானம் இடிந்து விழவும் இல்லை.

இந்த வெட்டு முடிந்து ஆலைப் பணம் வந்த அன்று தம்பி நேராக வீட்டுக்கு வந்தான். பாயை விரித்தான். பூங்காவனத்தை உட்காரச் சொல்லி, கொண்டுவந்ததை அப்படியே அவள் முன்னால் வைத்தான். "நீ மொதல்ல எடு. அப்புறம் எனக்குச் சொல்லு" என்றான். முதலில் அரிசிக்கு எடுத்தாள். பருப்புக்கு, எண்ணெய்க்கு, பிள்ளைகளின் மருந்துக்கு எடுத்தாள். பிறகு நிலத்துக்கு எடுத்து வைத்தாள். அதன் பிறகுதான் கோயில். சின்னக் காணிக்கை, மனசாரத் தந்தாள். ரம்முக்கு ஒன்றும் இல்லை. கோட்டுக்கு ஒன்றும் இல்லை.

கோயில் வசூலுக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். "என்ன ஐயாசாமி, வீட்டம்மாவக் கேட்டுத்தான் குடுக்கணுமா?" அவன் சொன்னான்: "ஆமா. கேட்டுத்தான் குடுக்கணும். கேக்காம குடுத்த வருஷம் எம் புள்ளையப் பொதச்சேன்." வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அப்படி வந்தவர்களில் இருவர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், தலை குனிந்திருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை விலையைச் சரித்தவள் இந்த நாட்டுத் தாயா? புயலைக் கூப்பிட்டவள் அவளா? ஆலைத் தராசில் கரும்பைக் குறைத்து நிறுத்தவள் அவளா? பின் எந்த நியாயத்தில் முதல் வெட்டு அவள் அடுப்பின் மேல் விழுகிறது? சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும்! வருஷத்துக்கு ஒரு வரவு உள்ள நமக்கு அது மூச்சைப் போல வேண்டும். ஆனால் அது போத்தலில் தொடங்கட்டும்! பெருமையில் தொடங்கட்டும்! ஊர் வாய்க்கு அஞ்சிப் போடும் விருந்தில் தொடங்கட்டும்! இந்தச் சபையின் மாலையில் தொடங்கட்டும், மரியாதைச் சால்வையில் தொடங்கட்டும்! பெற்றவள் தட்டிலே தொடங்கும் சிக்கனத்துக்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை ஐயா. கொலை என்று பெயர்!

ஆகவே தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. எதிர்க்கிறேன். திருத்தம் ஒன்று தருகிறேன்: ஆலைப் பணம் எந்த வீட்டுக்கு வந்தாலும், ஆணும் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து பங்கு போட வேண்டும், முதல் பங்கு சோற்றுக்கு. அவ்வளவுதான். இதற்குக் கை தூக்க அங்கத்தினருக்கு மட்டும்தான் உரிமை என்றால், அங்கத்தினர் எல்லோரும் ஆண்கள் என்றால், ஆண்களே தூக்குங்கள். தூக்காதவர் யார் யார் என்று, இதோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னம்மா கேட்கிறாய்? உரக்கக் கேள். பூங்காவனம் எங்கே என்றா? ஏன் வரவில்லை என்றா?

நானும் கூப்பிட்டேன் தாயே. இன்று பகலில் நான் புறப்படும்போது பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு தன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "வாடி, கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றேன். அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க போங்க அண்ணி. நான் இன்னொரு தரம் சோறு போட்டுக்கறேன்" என்றாள்.

போட்டுக்கொள்ளட்டும். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு என் நன்றி. பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.