வழிவிட வேண்டியவர்

பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்குக் கழுத்து வலி சகஜம். எந்நேரமும் பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஐயா. காற்று மாறுவது முதலில் அதில்தான் தெரியும்.

ஏரியில் நடந்ததைப் போன வருடம் இந்த ஸ்டேஷனில் இதே மேசையில் எழுதிக் கொடுத்தேன். நாளை தீர்ப்பு. அதற்குள் ஒரு வரியைத் திருத்தவேண்டும், அதற்காகத்தான் வந்தேன்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு படகுச் சங்கத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. எங்கள் ஏரியில் விதி எளிது. மோட்டார் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும். பாய்ப்படகுக்கும் ஒரு கடமை உண்டு: அது போகிற திசையிலேயே போக வேண்டும். அப்போதுதான் மற்றவர் கணித்து ஒதுங்க முடியும்.

மோட்டார் படகுக்காரர் ஒரு பல் டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் வருகிறவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். என்னைக் கண்டால் மட்டும் துறையே கேட்கும்படி, "என்ன சார், துணி காய்ஞ்சுதா?" என்பார். என் பாயைத்தான் சொல்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் என் மகளும் சிரித்தாள்.

எங்கள் சங்கத்தில் புகார் நோட்டு ஒன்று உண்டு. ஒருவர் மேல் மூன்று புகார் விழுந்தால் அந்த வருடம் முழுக்க அவர் படகைத் தண்ணீரில் இறக்கக்கூடாது. டாக்டர் மேல் நான் இரண்டு எழுதியிருந்தேன். ஒன்று பாட்டுச் சத்தத்துக்கு. இன்னொன்று அவர் கிளப்பிய அலையில் என் ஃபிளாஸ்க் கவிழ்ந்ததற்கு.

"ஃபிளாஸ்க்குக்கெல்லாமா புகார்? புதுசு வாங்கித் தர்றேன், விடுங்க சார்."

"ஃபிளாஸ்க் இல்ல தம்பி. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"என்ன முறை? நீங்க எனக்கு மாமனார் முறையா?"

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மூன்றாவது புகாருக்குக் காரணம் தேட ஆரம்பித்தது அன்றுதான்.

அந்த ஞாயிறு காலை காற்று குறைவு. கயாக்கில் ஒரு பெண் என் வலப்பக்கம், சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். "உங்க நிழல்ல வர்றேன் அண்ணா, விரட்டிடாதீங்க" என்றாள். வா அம்மா என்றேன்.

இடப்பக்கத்திலிருந்து டாக்டர் வந்தார். அவருக்கு என் பாய் தெரியும், பாய்க்கு அப்பால் இருந்தவள் தெரியமாட்டாள். கடைசி நேரத்தில் அவர் சட்டென்று திருப்பி, என் படகின் பின்புறமாகச் சுற்றிப் போனார். அங்கே அவள் இருந்தாள்.

மோட்டாரின் விசிறி அவள் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துவிட்டது. நான்தான் குதித்து இழுத்துவந்தேன், என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரியில் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் இல்ல அண்ணா" என்றாள். நான் பழக் கூடையை வைக்க இடம் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அன்று அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது டாக்டர் படகுத்துறையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு முன்னாடியே கடந்துடலாம்னு பார்த்தேன் சார். நல்லா இடம் இருந்துச்சு. நீங்க நேராத்தானே வந்தீங்க?"

"நேராத்தான் வந்தேன் தம்பி."

"அப்ப என் கணக்குதான் தப்பு."

இதை அவர் கோர்ட்டிலும் சொன்னார், ஐயா. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போது யார் வாயிலும் கருவி வைப்பதில்லை, கிளினிக்கைப் பூட்டிவிட்டார். அவர் கணக்கில் தப்பே இல்லை. எனக்கு முன்னால் ஐம்பது அடி விட்டுத்தான் கடந்திருப்பார்.

'பாய்ப்படகு திசை மாறவில்லை' என்று எழுதிக் கொடுத்தேனே, அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். மாறியது. சுக்கானை மெல்லத் தள்ளி அவருக்குக் குறுக்கே போனேன். அவர் தடுமாற வேண்டும், துறையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும், நான் நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

பின்னால் அவள் இருந்தது அந்த நிமிடம் நினைவில் இல்லை என்று ஒரு வருடமாக எனக்கே சொல்லிவருகிறேன். அதை நம்பித்தான் தூங்குகிறேன். இன்று காலை இங்கே கிளம்பும்போதுகூட அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

சுக்கானைத் தள்ளுவதற்கு முன் நான் திரும்பி அவளைப் பார்த்தேன், ஐயா. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.