சுனைப்பாதையில் நூற்று முப்பத்தொரு கையெழுத்துகள்

ஒருவர் நடந்து வருகிறார். வழியில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பதிவேடு. அதில் தன் பெயரை எழுதிவிட்டு மேலே நடக்கிறார். அவர் அனுமதி கேட்டாரா, அல்லது 'நான் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாரா? பதின்மூன்று நாட்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுகிறேன். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நம் வழக்கை நடத்தும் வழக்கறிஞர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்கா அவர்களே, இந்த நூலகக் கூடத்தில் நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் நிற்கும் நண்பர்களே, வணக்கம்.

நாம் இழந்திருப்பவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்து இந்த மாவட்டத்தை அளந்தவர். அதனால் ஊருக்கே அவர் சங்கிலியார். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கும் அவர் சங்கிலியார்தான். அவர் மனைவி, நம் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார், கோபம் வந்தால் மட்டும் "இந்தாங்க அளவைத்துறை" என்பார்.

மேட்டுப் புல்வெளியை ஒட்டி ராணுவத்தின் சுடுபயிற்சித் திடல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சுனை வரைக்கும் நீட்ட வேண்டும் என்கிறார்கள். நீட்டினால் புல்வெளி முழுக்க வேலிக்குள் போய்விடும். ஆடு மேய்க்கிறவர்கள் போக முடியாது, என் மாணவிகள் போக முடியாது, சும்மா காற்று வாங்கப் போகிறவர்களும் போக முடியாது. தடுக்க நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சட்டப் பிரிவு. இருபது ஆண்டுகள், தொடர்ச்சியாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் மக்கள் நடந்த வழி பொதுப்பாதை. பொதுப்பாதையை ராணுவமும் அடைக்க முடியாது.

புல்வெளி வழியாகச் சுனைக்குப் போகும் பாதையில் நடந்தோம் என்று யார் நிரூபிப்பது? சங்கிலியார் நிரூபித்தார்! ஞாயிறுதோறும் நடந்தார். மழையில் நடந்தார். முழங்கால் வீங்கிய வாரங்களை விட்டு மற்ற எல்லா வாரமும் நடந்தார். எத்தனை மணிக்குக் கிளம்பினார், வழியில் யாரைப் பார்த்தார், எல்லாம் அவர் நோட்டில் இருக்கிறது. நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஒரு கோடை முழுக்க அந்த நோட்டுகளை என் களக்குறிப்புகளோடு ஒப்பிட்டேன், பிழை பிடிக்க. ஒன்றுதான் கிடைத்தது. என்னைப் பார்த்ததாக எழுதிய ஒரு நாளில் நான் கட்டியிருந்த புடவையின் நிறம் தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மில் சிலருக்குப் பிடிக்காவிட்டாலும். விரிவாக்கத்துக்காக ராணுவம் வெளியிட்ட வரைபடத்தில் சுனை நாற்பது மீட்டர் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிழையை வைத்தே திட்டத்தைத் தள்ளுபடி செய்ய வைக்கலாம், வாயைத் திறக்காதீர்கள் என்றார் வழக்கறிஞர். மறுநாளே சங்கிலியார் ராணுவ முகாமுக்குப் போய்த் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் கொதித்துப்போய்க் கேட்டபோது சொன்னார்: "படம் தப்பா இருந்தா குண்டு தப்பான இடத்துல விழும். விழுற இடத்துல நானும் இருப்பேன், அந்தப் பட்டாளத்துப் பசங்களும் இருப்பாங்க. கேஸ் அப்புறம் பாத்துக்கலாங்க."

இப்படிப்பட்ட மனிதர் முன்னால் ஒரு பதிவேட்டை நீட்டினால் என்ன செய்வார்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் பாதையின் தொடக்கத்தில் ஒரு தடுப்புக்கட்டையும் மேசையும் வந்தன. வருகிறவர்கள் பெயர், நேரம், நோக்கம் எழுத வேண்டும். என்ன செய்யலாம் என்று என்னைத்தான் கேட்டார். "போடுங்க சார். அவங்க நோட்டுலயே நாம நடந்ததுக்கு ஆதாரம் சேரும்" என்றேன். படித்தவள் சொன்ன யோசனை! அவர் போட்டார். நூற்று முப்பத்தொரு முறை. நோக்கம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: நடை.

சென்ற மாதம் விசாரணையில் ராணுவத் தரப்பு வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்து வைத்தார்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

"என்னதுதான். பேனா சரியில்லை, அதான் கோணலா இருக்கு."

"அப்போ எங்க அனுமதி வாங்கித்தான் போயிருக்கீங்க. நூத்தி முப்பத்தோரு தடவை."

அவர் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டினார். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். விசாரணையை ஒத்திவைத்தார்கள்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "நான் சொன்னதாலதானே சார்" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "நீங்க சொல்லலைன்னா போட்டிருக்க மாட்டேனா? கட்டம் போட்ட தாளைக் கண்டா என் கை சும்மா இருக்குமாம்மா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "எங்க கல்யாணத்தைப் பதிஞ்சப்போ சாட்சி இடத்துலயும் இவரே போட்டுட்டாருங்க!" மூவரும் சிரித்தோம். சிரித்ததில் நான் கேட்க மறந்தேன். அடுத்த விசாரணையில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, செருப்பு மாட்டக் குனிந்தவர் எழவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை.

அவர் சொல்லாமல் போன பதிலை நாம் எங்கே போய்த் தேடுவது? நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு பெயர், இருபது ஆண்டு நடையை அழித்துவிடுமா? அழித்துவிடலாம். ஆறுதலுக்காகக் கூட நான் மறுத்துச் சொல்ல மாட்டேன். அவர் பெயரில் ஒரு பூங்கா, ஒரு விருது என்று இங்கே பேசினார்கள். அவருக்குப் பூங்கா எதற்கு? புல்வெளி இருக்கிறதே! அது இருக்கும்வரை அதற்குள் போவோம். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு விசாரணை அதிகாரி இடத்தைப் பார்வையிட வருகிறார். நாமும் வருவோம், நடப்போம். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். தப்பான யோசனை சொன்னவள் நான். அதனால் இந்த யோசனையை மட்டும் வழக்கறிஞரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டு சொல்கிறேன். அடுத்த ஞாயிறும் நடப்போம். அதற்கடுத்த ஞாயிறும். சங்கிலியாருக்கு என் வணக்கம்.

*

நினைவு மலரில் இந்த உரையைச் சேர்க்கும்போது மறுநாள் நடந்ததையும் எழுதித் தரச் சொன்னார்கள்.

எட்டு மணிக்கு நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். மேசையில் பதிவேடு இல்லை. சான்றாக விசாரணைக்குப் போனது திரும்பி வரவில்லை. கட்டை இறங்கியிருந்தது. விசாரணை அதிகாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு இருந்த மீசை நரைத்த சிப்பாய் சங்கிலியாரை அறிந்தவர். காலியான மேசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கட்டையைத் தூக்கினார். மரியாதையாகத்தான் சொன்னார்:

"போங்க."

வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அதை எதுக்குங்க சொன்னீங்க?"

யாரும் நகரவில்லை. இப்போது நகர்ந்தால் அதுவும் அனுமதியாகிவிடும். நகராவிட்டால் அந்த ஞாயிறு போய்விடும்.

அக்கா முன்னால் வந்தார். "நாங்க உங்களைக் கேக்கலையே தம்பி" என்று அந்தச் சிப்பாயிடம் சொல்லிவிட்டு, கட்டையைத் தாண்டி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க. சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கணும்" என்று விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தபடி ஓடி வந்தார். அக்கா நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.