பட்டினி கிடக்கும் ஆர்க்கிட்

"பட்டினி போட்டாத்தான் இது பொழைக்குமாமுங்க."

சூலூர் பஸ்ஸில் முன்சீட்டு அக்கா தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். கணவரின் மடியில் வாடிப்போன ஆர்க்கிட் தொட்டி ஒன்று.

"மண்ணே இல்லாம வெறுங்கரித்துண்டுல நிக்குதேன்னு செம்மண்ணும் சாணியும் போட்டு, தென்னைக்குக் கட்டறாப்ல தெனமும் தண்ணி உட்டனே அம்மணி."

"அதுலதான் வேரு அழுகிப்போச்சுன்னு நர்சரில சொல்லிப்போட்டாங்கள்ல. வேரு காஞ்சப்பறம் ஊத்துங்கன்னு ஹாஸ்டல் போறப்பவே மக சொன்னாளுங்க."

"காய உட்டுப் பாத்துட்டிருக்க எனக்கு மனசு வருமா?"

போன் அடித்தது. மகள்தான். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கண்ணு, உன்ற செடிக்கு அப்பா தண்ணிய அதிகமா ஊத்திப்போட்டேன். ஒரு வேருதான் பச்சையா இருக்குது. எப்ப ஊத்தோணும்னு மறுக்கா சொல்லு, இந்தவாட்டி கேட்டுக்கறேன்."