உப்பளச் சாலையில் எரியாத விளக்கு

விடியற்காலை நாலரை மணி. மார்கழி. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை... இரண்டு பக்கமும் உப்பளம். ஆள் நடமாட்டமே கிடையாது.

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை. என் நண்பன் ஜெயகிருஷ்ணனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் திருவேங்கடம். கோவளம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். வீடு படூரில். மார்கழி முழுக்கத் திருவிடந்தைப் பெருமாளைச் சேவிக்கக் காரில் போவார்.

நாலு நாளாகக் காரின் முன்விளக்கு எரியவில்லை. ஃப்யூஸ் போயிருந்தது. புது ஃப்யூஸ் காரிலேயே கிடந்தது. மாற்ற இரண்டு நிமிஷம்... நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அன்றும் விளக்கில்லாமலேதான் அந்தச் சாலையில் போனார்.

தொம்மென்று ஒரு சத்தம். பிறகு ஓர் அலுமினியக் கூடை தாரில் உருண்டு... உருண்டு... நின்றது.

ரெபேக்காள். கோவளம் கரைக்கு மீன் எடுக்க நடந்து போனவள்.

வாத்தியார் முதலில் என்ன செய்தார் தெரியுமா? ஃப்யூஸை மாற்றினார். விளக்கு எரிந்தது. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு உயிர் இருந்ததா... அதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"லைட் எரிஞ்சிட்டுதான் இருந்தது சார். அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்க." போலீஸ் நம்பியது.

தை பிறந்தது. பத்தாம் வகுப்பில் ஒளிப் பாடம்.

"வெளிச்சம் ஒரு பொருள் மேல பட்டு, திரும்பி நம்ம கண்ணுக்கு வரணும். அப்பத்தான் அது தெரியும். விளக்கு அப்படி இல்ல. அதோட வெளிச்சம் நேரா கண்ணுக்கு வந்துடும். தூரத்துலேர்ந்தே தெரியும்."

சிநேகா எழுந்தாள். ரெபேக்காளின் மகள்.

"சார்... உங்க வண்டில லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சின்னா, எங்கம்மாக்குத் தூரத்துலயே தெரிஞ்சிருக்கும்ல? அப்புறம் ஏன் சார் நவுரல?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம்தான் கேட்டாள். வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

அன்றிரவு தூக்கமில்லை. நாலரைக்கு அவராகவே அந்தச் சாலைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. சாலை காலி. உப்புக் காற்று...

பட்டென்று விளக்கு அணைந்தது. வண்டியை நிறுத்தினார்.

இருட்டில் அவள் நின்றாள். நிலா இல்லை, தெருவிளக்கு இல்லை. ஆனாலும் சேலை, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. தலையில் கூடை.

விளக்கு எரிந்தது. யாருமில்லை.

மறுபடி அணைந்தது. இப்போது அவர் காதருகே... ஈர மீன் வாடை.

"இன்னா வருதுன்னே தெரியல சார்... லைட்டப் போடு சார்."

எப்படி வண்டியைக் கிளப்பினார் என்று அவருக்கே தெரியாது. நேரே போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு காசிநாதன் மட்டும் இருந்தார். விளக்கு எரியாததையும் ஃப்யூஸ் மாற்றியதையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். வழக்கு, வேலை போனது, ஜெயில்... அதெல்லாம் பிறகு நடந்தது.

"லைட்டு இப்ப எரியுதா? வாங்க வாத்தியாரே, போட்டுக் காட்டுங்க" என்று ஏட்டு வெளியே வந்தார்.

போட்டார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. அதன் நடுவில் ஒரு நிழல். பெண். தலையில் கூடை.

காருக்கும் சுவருக்கும் இடையே ஒருவரும் இல்லை.

ஏட்டு ஓரடி பின்வாங்கினார். வாத்தியார் கைகூப்பினார்.

அந்த நிழல் மெள்ள ஒரு கையைத் தூக்கி... கண் கூசுகிறவளைப் போல... முகத்தை மறைத்துக்கொண்டது.